ஒரு சாக்கு நோட்டும் ஓர் எருமையும்

மூன்று வாரத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லி நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறியவன் நான். திரும்ப நாலரை வருஷம் ஆயிற்று. இடையில் நடந்த யுத்தத்துக்கு நான் பொறுப்பல்ல. அந்த யுத்தத்தில் என் மடியில் இருந்த பணத்துக்கு நேர்ந்த கதிக்கு மட்டும் நான் ஒருவனே பொறுப்பு.

ஊரில் எனக்குத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு காசு மாற்றும் கடையில் குமாஸ்தா வேலை. மலாயாவிலிருந்து வந்து இறங்குகிறவர்களிடம் வெள்ளியை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுப்போம். அந்த நாட்டு டாலரை நம்மவர்கள் வெள்ளி என்றுதான் சொல்வார்கள். நோட்டை விரலால் தடவியே நல்ல நோட்டா கள்ள நோட்டா என்று சொல்லிவிடுவேன். இந்த ஒரு வித்தையை வைத்துக்கொண்டு, பணத்தைப் பற்றி எல்லாம் தெரிந்தவன் என்று நானே தீர்மானித்திருந்தேன்.

வந்த காரியம் சின்னதுதான். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் என் அக்கா இருந்தாள். அத்தானுக்குத் தண்டவாளம் பார்க்கும் வேலை. அக்காவுக்குத் தலைப்பிரசவம். ஏழாம் மாதம் அழைத்துக்கொண்டு அம்மாவிடம் சேர்க்க வேண்டும். இரண்டு பேருக்கும் கப்பல் செலவு என் இடுப்புப் பையில் வெள்ளியாகவே இருந்தது. நான் வந்து பத்து நாளில் குண்டு விழ ஆரம்பித்தது. கப்பல் நின்றுபோயிற்று. அக்கா அங்கேயே ஒரு பெண்ணைப் பெற்றாள்.

நாற்பத்திரண்டு ஜனவரியில் வெள்ளைக்காரன் போய் ஜப்பான்காரன் சைக்கிளில் வந்தான். அவன் பின்னாலேயே அவனுடைய நோட்டும் வந்தது. பத்து வெள்ளி நோட்டில் குலை தள்ளிய வாழைமரம் ஒன்று அச்சடித்திருந்தது. அதனால் எல்லாரும் அதை வாழைமர நோட்டு என்றார்கள். பழைய ராஜா தலை நோட்டை வைத்திருந்தால் நம் தலை போகும் என்று ஒரு பேச்சு கிளம்பியது. குவார்ட்டர்ஸ் ஜனங்கள் என்னிடம் வந்து யோசனை கேட்டார்கள். ஆள்கிறவன் நோட்டே நோட்டு என்று நான் தீர்ப்புச் சொன்னேன். சொன்னதோடு நிற்காமல், கப்பல் பணம் முழுவதையும் ஒரு சீன மளிகைக் கடையில் கொடுத்து ஒன்றுக்கு ஒன்றாக வாழைமரமாக மாற்றிக்கொண்டேன். அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை பேரம் பேசவில்லை. பேரம் பேசாத ஆளைக் கண்டால் சந்தேகப்பட வேண்டும் என்பது எங்கள் தொழிலின் முதல் பாடம். அன்றைக்கு அது எனக்கு நினைவு வரவில்லை.

அடுத்த வருஷம் சயாமில் ரயில் பாதை போட ஆள் பிடித்தார்கள். மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி என்று சொல்லி அத்தானையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். மூன்று மாதம் இரண்டு வருஷமாகியும் ஒரு கடிதம் வரவில்லை. நான் ஒரு காப்பிக் கடையில் கல்லாவில் உட்கார்ந்தேன். காப்பி என்றால் வறுத்த தேங்காய்த் துருவலும் சோளமும் இடித்த தூள். சாப்பாடு என்றால் மரவள்ளிக்கிழங்கு. காலையில் அவித்தது, மத்தியானம் அடையாகத் தட்டியது, மறுபடி அவித்தது. ஒரு முட்டைக்கு முப்பது வெள்ளி கேட்ட காலம். நோட்டில் வரிசை எண் அடிப்பதைக்கூட அச்சகத்தில் விட்டுவிட்டார்கள். நான் நோட்டை எண்ணுவதை விட்டு, அடுக்கின் உயரத்தைப் பார்த்துக் கணக்குச் சொல்லப் பழகியிருந்தேன்.

நாற்பத்தைந்து ஆகஸ்டில் ஜப்பான் தோற்றுவிட்டது என்று காதோடு காதாகச் செய்தி வந்தது. தெருவில் ஜப்பான் சிப்பாய்கள் அப்படியேதான் நின்றார்கள். அவர்களைக் கண்டால் நாங்களும் அப்படியேதான் குனிந்து வணங்கினோம். ஆனால் நோட்டு அன்றைக்கே நடுங்க ஆரம்பித்துவிட்டது. குழாயடியில் கூட்டம் கூடியது. பதினொரு குடும்பம், எல்லார் வீட்டிலும் பெட்டியிலும் தலையணையிலும் வாழைமர நோட்டு. அது குப்பையாவதற்குள் ஏதாவது சாமானாக மாற்றிவிட வேண்டும். பிரிக்பீல்ட்ஸில் எல்லாக் கடையும் சாத்தியிருந்தது. பக்கத்துத் துறைமுக ஊரான கிள்ளானில் இன்னும் சாமான் கொடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள்.

எஞ்சினில் விறகு தள்ளும் ஆரோக்கியசாமி என்னைப் பார்த்துச் சொன்னார். "தம்பி, காசு சமாச்சாரம் தெரிஞ்ச ஆளு நம்ம லைன்ல நீங்க ஒருத்தர்தான். போயிட்டு வந்துடுங்க. அரிசியோ துணியோ, எது கிடைச்சாலும் சரி."

நாலு வருஷமாக எனக்கு நடந்ததையெல்லாம் கூடவே இருந்து பார்த்தவர் அவர். அப்படியும் என்னைத்தான் அனுப்பினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பதினொரு வீட்டுப் பணத்தையும் ஒரு கோணிச் சாக்கில் திணித்தோம்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். என்னுடைய நோட்டுகளை நான் அதில் போடவில்லை. எந்த அரசாங்கமும் ஒரு நோட்டை முழுசாகச் சாகவிடாது, வெள்ளைக்காரன் வந்தால் வெள்ளிக்குக் கால் வெள்ளியாவது கொடுப்பான் என்பது என் கணிப்பு. அவசரப்பட்டுக் கண்ட சாமானை வாங்குகிறவர்கள் விவரம் தெரியாதவர்கள் என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டேன். அக்காவிடம் மட்டும் சொன்னேன். அவள் தன் பங்கைக் கொண்டுபோய்ச் சாக்கில் போட்டாள்.

முதல் நாள் ரயில். விறகில் ஓடுகிற எஞ்சின் அது. ஏற்றம் வந்தால் மூச்சு வாங்கும். பாதி வழியில் நின்றதும் எங்களையே இறங்கி விறகு பொறுக்கச் சொன்னார்கள். டிக்கெட்டும் வாங்கி விறகும் பொறுக்குகிற பிரயாணத்தை நான் நம் ஊரில் கண்டதில்லை. சாக்கைக் கீழே வைக்கப் பயந்து, ஒரு கையால் அதை அணைத்துக்கொண்டு மறு கையால் சுள்ளி பொறுக்கினேன்.

என் எதிரில் இரண்டு வாத்துகளோடு ஒரு சீனக் கிழவி உட்கார்ந்திருந்தாள். சாக்கில் என்ன என்று மலாயில் கேட்டாள். மரவள்ளிக்கிழங்கு என்றேன். அவள் விரலை நீட்டிச் சாக்கை ஒரு குத்துக் குத்திப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் இருந்த மலாய்க்காரரிடம் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தார்கள். கிழங்காக இருந்தால் அவிக்கவாவது ஆகும் என்று அவள் சொன்னாளாம். மலாய்க்காரர்தான் பிறகு எனக்கு மெதுவாக விளக்கினார்.

கிள்ளானில் கடைகள் பாதிக் கதவு திறந்திருந்தன. சாக்கோடு நான் வருவதைப் பார்த்ததும் அந்தப் பாதியும் சாத்திக்கொண்டது. அரிசிக் கடையில் அரிசி இல்லை. துணிக் கடையில் துணி இல்லை. சோப்பு விற்றவன், என் கண் முன்னால் சோப்பை எடுத்து உள்ளே வைத்துவிட்டுச் சோப்பு இல்லை என்றான். களைத்துப்போய் ஒரு கடையில் காப்பி குடித்தேன். இன்னொன்று கேட்டேன். இரண்டாவது காப்பிக்கு விலை அதிகம். ஏன் என்று கேட்டதற்கு, முதல் காப்பியை நீங்கள் குடித்து அரை மணி ஆகிவிட்டது என்றார் கடைக்காரர். நானும் கல்லாவில் இருந்து இதையே பலரிடம் சொல்லியிருக்கிறேன். வாங்குகிறவனாக நின்று கேட்கும்போதுதான் அது உறைத்தது.

சாயங்காலம் சுல்தான் பாயைப் பார்த்தேன். நாகூர்ப் பக்கத்து மனிதர், கிள்ளானில் முப்பது வருஷமாகத் துணி வியாபாரம். ஊர்ப் பேச்சைக் கேட்டதும் உட்காரச் சொல்லிக் கிழங்கு அடை கொடுத்தார். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சாக்கைப் பார்த்தார்.

"தம்பி, துணின்னு எங்கிட்ட இருக்கிறது நான் கட்டியிருக்கிற கைலி மட்டும்தான். பின்னாடி ஒரு எருமை நிக்குது. கடைசிச் சரக்குத் துணியைக் கொடுத்து மலாய்க்காரங்க கம்பத்துல வாங்கினது. வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போங்க."

எருமை கறுத்துக் கொழுத்து நின்றது. என்னைப் பார்த்து ஒரு தடவை காதை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டது. மாட்டைப் பற்றி எனக்குத் தெரிந்தது, அதற்கு நாலு கால் என்பதுதான். இருந்தாலும் விவரம் தெரிந்தவன்போல அதன் கொம்பைத் தட்டிப் பார்த்தேன், காசைத் தட்டிப் பார்க்கிற மாதிரி. விலை என்ன என்றேன். முழுச் சாக்கும் என்றார். எண்ண வேண்டாமா என்றேன். பாய் சாக்கை ஒரு கையால் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுப் போதும் என்றார். நோட்டுகளைத் தன் மரப்பெட்டியில் கொட்டிக்கொண்டு, சாக்கு விலையில் சேராது என்று நியாயமாகத் திருப்பிக் கொடுத்தார். அன்றிரவு அவர் கடைத் தாழ்வாரத்திலேயே படுத்துக்கொண்டேன். இவரும் பேரம் பேசவில்லையே என்பது தூக்கம் வருகிற சமயத்தில் லேசாக நினைவு வந்தது.

மறுநாள் விடிந்ததும் எருமையும் நானும் கோலாலம்பூர் ரோட்டில் இறங்கினோம். இருபது மைல். நான் முன்னால் போய்க் கயிற்றை இழுத்தேன். எருமை பின்னால் நின்று இழுத்தது. பலத்தில் அதுதான் மேல். தமிழில் அதட்டினால் அசையவில்லை. கம்பம் என்கிற மலாய்க் கிராமத்தில் வளர்ந்த மாடு என்று எனக்குத் தெரிந்த மலாயில் கெஞ்சிப் பார்த்தேன். ஓரிடத்தில் ரோட்டோரக் குட்டையைக் கண்டதும் அது நிதானமாக இறங்கிப் படுத்துவிட்டது. நான் கரையில் குந்தி அது குளித்து முடியக் காத்திருந்தேன்.

அப்போது ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். டயருக்குப் பதில் ரப்பர்க் குழாயைச் சுற்றிக் கட்டியிருந்த சைக்கிள். பின்னால் ஒரு மூட்டை உப்பு. உப்பு அந்த நாளில் தங்கம். எங்கே கிடைத்தது என்றேன். கிள்ளான் ஜப்பான் கிடங்கில் நேற்று முழுக்கக் கொடுத்தார்களாம். ஜப்பான்காரன் தன் நோட்டையே வேண்டாம் என்று சொல்ல முடியாதல்லவா, வரிசையில் நின்ற யாருக்கும் கொடுத்தார்களாம். இன்று காலையும் உண்டு, துணிக்கடை பாய் ஒருவர் மரப்பெட்டி நிறைய நோட்டோடு முதல் ஆளாக நிற்கிறார் என்றார்.

நான் எருமையைப் பார்த்தேன். அது தண்ணீருக்குள் மூக்கை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தது.

பத்து தீகா என்கிற ஊரைத் தாண்டி, ரப்பர்த் தோட்டத்து ஓரமாக வரும்போது ஒரு ராணுவ லோரி எங்களைக் கடந்து போய் நின்றது. பழக்கத்தில் நான் தானாகவே குனிந்தேன். ஓர் அதிகாரி இறங்கினார், பின்னால் நாலு சிப்பாய்கள். அவர்கள் பார்வை என்மேல் இல்லை. அதிகாரி எருமையைக் காட்டினார், தன் வாயைக் காட்டினார், பையிலிருந்து புத்தம்புது வாழைமர நோட்டுக் கட்டுகளை எடுத்து என் கையில் வைக்க ஆரம்பித்தார். அடுக்கின் உயரம் எனக்குத்தான் தெரியுமே. நான் கொடுத்ததுபோல் இரண்டு மடங்கு. ஒரு கணம், உண்மையைச் சொல்கிறேன், லாபம் என்று மனசு குதித்தது. இன்னொரு கையையும் நீட்டினேன். அடுத்த கணம்தான் அந்தப் பதினொரு வீடும் நினைவு வந்தது. அவர்களுடைய குப்பையைக் கொடுத்து வாங்கியதை விற்று, இரண்டு மடங்கு குப்பையோடு நான் திரும்பப் போகிறேன். மாட்டேன் என்று சொல்லத் தைரியம் கிடையாது. கயிறு என் கையிலிருந்து நழுவிக்கொண்டிருந்தது.

சிப்பாய்களில் நரைத்தவர் ஒருவர் எருமையின் பக்கத்தில் போய் அதன் வயிற்றில் உள்ளங்கையை வைத்தார். வெகுநேரம் வைத்திருந்தார். பிறகு அதிகாரியிடம் இரண்டு மூன்று வார்த்தை சொன்னார். அதிகாரி எருமையைப் பார்த்தார், லோரியைப் பார்த்தார், என் கையிலிருந்த கட்டுகளைத் திரும்ப எடுத்துக்கொண்டார். லோரி போய்விட்டது. வெளிநாட்டு வாசத்தில் நான் லாபத்தோடு நின்றது அந்த அரை நிமிஷம்தான்.

ரப்பர் மரங்களுக்கு நடுவிலிருந்து ஒரு பெண் எழுந்து வந்தாள். பாப்பாத்தி என்று பெயர். அந்தத் தோட்டத்தில் மரத்தைக் கீறி ரப்பர்ப் பால் எடுக்கிறவள். இடுப்பில் கோணிச் சாக்கைத்தான் சுற்றியிருந்தாள். துணிக்கு அத்தனை பஞ்சம்.

"சினை மாடுண்ணே. அதான் விட்டுட்டுப் போறானுங்க" என்றாள். பிறகு, "அவன் காசு கொடுத்ததும் நீங்க ஏன் இன்னொரு கையையும் நீட்டினீங்க?" என்று கேட்டாள்.

அவள் கயிற்றை வாங்கிக்கொண்டாள். முன்னால் நின்று இழுக்கக்கூடாது, பின்னால் நின்று பக்கவாட்டில் ஒரு குச்சியைக் காட்டிக்கொண்டே வந்தால் போதும் என்று சொல்லிக்கொடுத்தாள். எருமை, காலையிலிருந்து இதற்காகத்தான் காத்திருந்ததுபோல் நடந்தது. அன்று அவர்கள் லைன் வீட்டு வாசலிலேயே மாட்டைக் கட்டிப் புல் போட்டார்கள். எனக்குச் சுட்ட கிழங்கும் தேங்காய்ச் சில்லும் கொடுத்தார்கள். பாப்பாத்தியின் புருஷனும் சயாமுக்குப் போனவர்தான். எங்கள் அத்தான் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அங்கே போனவர்களைப் பற்றி அவளுக்கு என்னைவிட அதிகமாக ஒன்றும் தெரியவில்லை.

காலையில் கிளம்பும்போது ஏதாவது கொடுக்க வேண்டும் என்று என் சட்டைப்பையில் இருந்த சொந்த நோட்டு சிலவற்றை எடுத்தேன். அவள் கை நீட்டவில்லை.

"அது வேணாம்ண்ணே. அந்தச் சாக்கு இருந்தா குடுத்துட்டுப் போங்க. மகளுக்குப் பாவாடை ஆகும்."

நான் தோளில் போட்டிருந்த வெறும் சாக்கைக் கொடுத்தேன். பதினொரு வீட்டுச் சேமிப்பைச் சுமந்த சாக்கு. உள்ளே இருந்ததை வாங்கக் கிள்ளான் முழுக்கத் தேடியும் ஒருவர்தான் கிடைத்தார். சாக்கைக் கொடு என்று வாய்விட்டுக் கேட்க இங்கே ஆள் இருந்தது.

மத்தியானம் பிரிக்பீல்ட்ஸில் நுழைந்தேன். அரிசிக்கும் துணிக்கும் பாத்திரமும் கையுமாக நின்றவர்கள் எங்களைப் பார்த்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்ட ஆரம்பித்தால் எங்கே தொடங்குவது என்று தெரியாமல் நின்றார்கள். ஆரோக்கியசாமிதான் கடைசியில் வாயைத் திறந்து, "எமன் வாகனத்தை விட்டு இறங்கி நடந்து வர்றதை இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார். அக்கா எருமைக்குத் தண்ணீர் வைத்தாள். பிறகு எனக்கு வைத்தாள்.

இரண்டு மூன்று வாரத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் வந்தது. வாழைமர நோட்டு செல்லாது என்று அறிவித்தார்கள். காலும் இல்லை, அரைக்காலும் இல்லை. என் டிரங்குப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். கப்பல் செலவும் நாலு வருஷச் சம்பளமும் அழகாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டி இருந்தன. அக்கா அதில் ஒரு கட்டை எடுத்து அடுப்பு மூட்டினாள். புதுத் தாள், நன்றாகவே எரிந்தது.

எருமை ஐப்பசியில் கன்று போட்டது. பதினொரு வீட்டுப் பிள்ளைகளும் முறை வைத்துப் பால் குடித்தார்கள். அக்கா மகளுக்குப் பால் என்றால் என்ன என்று அப்போதுதான் தெரிந்தது. டிசம்பரில் ஒரு பால்காரர் தாயையும் கன்றையும் சேர்த்து ராஜா தலை நோட்டுக் கொடுத்து வாங்கிக்கொண்டார். பதினொரு பங்கு பிரித்தார்கள். என் பங்கு அதில் கிடையாது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆரோக்கியசாமி கூட்டத்தில் ஒரு யோசனை சொன்னார். அதன்படி மாடு ஓட்டி வந்த கூலி என்று நாளுக்கு ஒரு வெள்ளி வீதம் இரண்டு வெள்ளி என் கையில் வைத்தார்கள். மலாயாவில் நான் சம்பாதித்த நல்ல பணம் அவ்வளவுதான்.

அக்காவிடம் ஊருக்குப் போகிற பேச்சை எடுத்தேன். கப்பல் விடப்போகிறார்களாம், எப்படியாவது கடன் வாங்கியாவது போய்விடலாம் என்றேன்.

"நீ போ. அவரு வந்து கதவைத் தட்டினா யாரு திறக்கிறது?" என்றாள்.

அதற்குப் பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. சயாமிலிருந்து ஆட்கள் வருகிற ரயிலுக்கெல்லாம் ஸ்டேஷனுக்குப் போய் நின்றோம். இறங்கியவர்களைவிட, இறங்காதவர்களைத் தேடி நின்றவர்கள்தான் எப்போதும் அதிகம். பாப்பாத்தியை ஒரு தடவை அங்கே பார்த்தேன். மகள் சாக்குப் பாவாடை கட்டியிருந்தாள்.

வருஷம் முடியச் சில நாள் இருக்கும்போது ஒரு மத்தியானம், ஸ்டேஷனுக்கு நாங்கள் போகாத நாளாகப் பார்த்து, அத்தான் தானே நடந்து வந்து கதவைத் தட்டினார். அக்காதான் திறந்தாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. கால்கள் குச்சியாக இருந்தன, ஒரு காலில் ஆறாத புண். மகள் பயந்துபோய் என் பின்னால் ஒளிந்தாள். அக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே தவிர அழவில்லை. சோறு வடித்தாள். உண்மையான அரிசிச் சோறு.

சாப்பிட்டு முடித்ததும் அத்தான் தன் மூட்டையைப் பிரித்து ஒரு மூங்கில் குழாயை எடுத்தார். வாயில் துணி அடைத்திருந்தது. துணியைப் பிடுங்கிக் குழாயைப் பாயில் தட்டினார். சுருட்டிய வாழைமர நோட்டுகள் விழுந்தன. இரண்டு வருஷச் சம்பளத்தில் மிச்சம்.

"இதுல எவ்வளவு தேறும் மச்சான்? நீதான் காசுக்கடைக்காரனாச்சே" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தாள். நான் நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி, அடுக்கி, ஊரில் கடையில் செய்வதுபோல் இரண்டு தடவை எண்ணினேன். முந்நூற்று நாற்பது இருந்தது. உள்ளே போய் என் இரண்டு வெள்ளியைக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். இன்றைக்கு ரேட்டு கொஞ்சம் குறைவுதான் என்று சொன்னேன். குரலைத் தொழில்காரன் குரலாக வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

அத்தான் அந்த ராஜா தலை நோட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு மடித்து அக்காவிடம் கொடுத்தார்.

"பரவாயில்ல மச்சான், ரொம்ப நல்ல ரேட்டுதான் குடுத்திருக்கே. வர்ற வழியில ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இந்த வாழைமர நோட்டுல சுருட்டு சுத்திக் குடிச்சுக்கிட்டிருந்தானுங்க."

தெரிந்துமா இத்தனை தூரம் சுமந்து வந்தீர்கள் என்று கேட்டேன்.

அவர் காலை மெல்ல நீட்டிச் சுவரில் சாய்ந்துகொண்டார். மகள் இப்போது கதவோரம்வரை வந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன, ரெண்டு வருஷம் வேலைக்குப் போனவன் வெறுங்கையோட எப்படிடா வீட்டுக்கு வர்றது" என்றார்.